பால் காணாது

போன கிழமை யாழ்ப்பாணத்தில் எங்கள் ஒழுங்கையில் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். அந்த வீட்டுப் பெண்ணுக்கு அது முதல் பிள்ளை, பிறந்து ஆறாம் நாள். பிள்ளை பிறந்த துடக்கு வீடு, 31 நாள் கழியட்டும் என்று சொந்தக்காரர்களே படலையோடு நிற்கிற நேரத்தில் நான் உள்ளே போனதற்குக் காரணம், முதல்நாள் இரவு பதினொரு மணிக்கு அவளிடம் இருந்து வட்ஸ்அப்பில் வந்த ஒரு குரல்பதிவு. அதில் அவள் ஒரு வசனத்தைக்கூட முழுதாகப் பேசவில்லை, அழுகைதான். பின்னால் பிள்ளையும் அழுகிறது. இரண்டு அழுகைக்கும் நடுவே வயதான ஒரு அம்மாவின் குரல்: "பால் காணாது பிள்ளை, சொன்னாக் கேள். ரெண்டு கரண்டி மாவைக் கரைச்சுக் குடு, பச்சைப் பாலன் பசியில துடிக்குது."

அந்தக் "காணாது" என்ற சொல் காதில் விழுந்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. எங்கள் ஊர்ப் பேச்சில் காணாது என்றால் போதாது என்று அர்த்தம். சோறு காணாது, சம்பளம் காணாது, துணி காணாது என்று ஒரு நாளைக்குப் பத்துத் தடவை சொல்கிற சாதாரணச் சொல். ஆனால் பிள்ளை பெற்று ஒரு கிழமைகூட ஆகாத ஒருத்தியிடம் அதைச் சொன்னால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். 2021இல் அதை எனக்கும் சொன்னார்கள். நான் நம்பினேன்.

மூத்தவன் சிசேரியன். தையல் எல்லாம் போட்டு என்னை வார்டுக்குக் கொண்டுவர மூன்று மணி நேரம் ஆனது, அதற்குள் அவனுக்கு ஒரு சின்னக் கப்பில் பால்மா பருக்கிவிட்டார்கள். எந்த வைத்தியசாலை என்று நான் எழுதப்போவதில்லை, அன்றைக்கு அங்கே நின்றவர்கள் கெட்டவர்களும் இல்லை, ஆள் பற்றாக்குறையில் ஓடி ஓடி வேலை செய்தார்கள். ஆனால் பிள்ளை பிறந்து ஒரு மணி நேரத்துக்குள் தாயின் நெஞ்சில் வெறும் உடம்போடு போட்டு, அது தானாகத் தேடி வாய் வைக்க விட வேண்டும் என்பதுதான் உலக சுகாதார நிறுவனம் சொல்வது. சிசேரியன் என்றாலும், தாய்க்கு நினைவு இருந்து இருவரும் நலமாக இருந்தால் அப்படிச் செய்யலாம். இது எனக்கு அப்போது தெரியாது. கிளினிக்குக்கு ஒழுங்காகப் போனவள்தான் நான், ஆனால் அது கொரோனாக் காலம், வகுப்பு வைத்து ஆட்களை இருத்திச் சொல்லித்தருவது நடக்கவில்லை. ஒரு துண்டுப்பிரசுரம் கிடைத்தது. அதைப் பையில் வைத்தேன்.

முதல் மூன்று நாளும் வருகிற பால் கொஞ்சமாக, மஞ்சளாக, பிசுபிசுவென்று இருக்கும். சீம்பால். எங்கள் ஊரில் மாடு கன்று ஈன்றால் கன்றுக்கு முதலில் அந்தக் கடும்புப் பாலை ஊட்டவிட்டு, மிச்சத்தைக் காய்ச்சி அயல்வீடுகளுக்கும் கொடுத்துச் சாப்பிடுவோம், அதன் அருமை எங்களுக்குத் தெரியாதது இல்லை. ஆனால் மனுசிக்கு வருகிற கடும்பு என்று வந்தால் "இது என்ன, சளி மாதிரிக் கிடக்கு, இதில என்ன பசி ஆறும்" என்கிறோம். பிறந்த பிள்ளையின் இரைப்பைக்கு முதல் நாளில் ஒரு தடவைக்கு ஒரு தேக்கரண்டி அளவே போதும், அந்த ஒரு தேக்கரண்டியில்தான் நோயை எதிர்க்கிற சத்து செறிந்து கிடக்கிறது. எனக்கு யாராவது அந்தத் தேக்கரண்டியைக் கையில் எடுத்துக் காட்டியிருந்தால் போதும், நான் அழுதிருக்க மாட்டேன்.

பிறக்கும்போது அவன் 3 கிலோ 100 கிராம். நாலாம் நாள் நிறுத்தபோது 2 கிலோ 880. வீடே இடிந்துபோய் இருந்தது. லண்டனில் இருந்து வீடியோவில் பார்த்த பெரியம்மா, "என்ன பிள்ளை இப்பிடி வத்திப் போச்சு" என்றார். பிறந்த முதல் சில நாட்களில் நிறை குறைவது அநேகமாக எல்லாப் பிள்ளைக்கும் நடப்பது, பத்து வீதம் வரைக்கும் குறையலாம், இரண்டு கிழமைக்குள் பிறந்த நிறைக்குத் திரும்பிவிட வேண்டும், அதுதான் கணக்கு. அவனுக்கு ஏழு வீதம் அளவில்தான் குறைந்திருந்தது. இந்தக் கணக்கை எனக்குச் சொன்னது யார் தெரியுமா? மூன்று வருடம் கழித்து, இரண்டாவது பிள்ளைக்கு வீட்டுக்கு வந்த மருத்துவ மாது.

முலைக்காம்பு வெடித்து இரத்தம் வந்தது. அவன் வாய் வைக்கிற ஒவ்வொரு தடவையும் பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பேன். "எல்லாருக்கும் அப்பிடித்தான், போகப் போகச் சரி வரும்" என்றார்கள். எல்லாருக்கும் அப்படி இல்லை. பிள்ளை காம்பை மட்டும் பிடித்து உறிஞ்சினால்தான் பெரும்பாலும் அப்படி வெடிக்கும், பாலும் ஒழுங்காக வராது. காம்பைச் சுற்றியிருக்கிற கருமையான பகுதியும் சேர்ந்து வாய்க்குள் போக வேண்டும். எனக்கு இருந்தது பால் குறைவு இல்லை, பிடி பிழை. அதைத் திருத்த ஒரு தெரிந்த ஆள் பக்கத்தில் இருந்து பத்து நிமிடம் பார்த்திருந்தால் போதும். அந்தப் பத்து நிமிடத்துக்கு யாரும் கிடைக்காததால் சூப்பிப் போத்தல் வந்தது.

முதலில் இரவுக்கு மட்டும் ஒரு போத்தல், நான் கொஞ்சம் நித்திரை கொள்ளட்டும் என்று. பிறகு மாலையில் ஒன்று. போத்தல் குடித்த பிள்ளை மூன்று மணி நேரம் நித்திரை, அந்த மூன்று மணி நேரமும் என்னிடம் குடிக்கவில்லை, குடிக்காத பால் கட்டிக்கொண்டு நின்றது, நின்றதால் சுரப்பது குறைந்தது. குறைந்ததும், "பாத்தியே, அப்பவே சொன்னம் காணாது எண்டு." இரண்டு மாதத்தில் என் பால் நின்றே போனது. எல்லாரும் பிள்ளையில் இருந்த அன்பினால்தான் சொன்னார்கள், அதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகம் இல்லை.

பிறகு 2022 வந்தது, பொருளாதார நெருக்கடி வருடம். அந்த வருடத்தை இங்கே யாருக்கும் விளக்கத் தேவையில்லை. பெற்றோல் இல்லை, காஸ் இல்லை, பால்மா இல்லை. என் கணவர் சைக்கிளில் திருநெல்வேலியில் இருந்து சுன்னாகம் வரைக்கும் கடை கடையாக ஏறி இறங்குவார். ஒரு பெட்டி கிடைத்தால் அதன் விலையைப் பார்த்து இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசமாட்டோம். ஒருமுறை வீட்டில் மா முடிகிற தறுவாயில் நான் அளவுக் கரண்டியை முழுதாக நிரப்பாமல் கொஞ்சம் குறைத்துப் போட்டேன். அப்படிச் செய்யவே கூடாது, பெட்டியில் போட்டிருக்கிற அளவைவிட நீர்த்தால் பிள்ளைக்குச் சத்துக் குறையும், உப்பின் சமநிலையும் குழம்பும். தெரிந்தும் செய்தேன். அந்த இரவை நினைத்தால் இப்போதும் நித்திரை வராது.

தண்ணீரைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது எங்கள் குடாநாட்டுக்கே உரிய விசயம். போத்தலில் கரைக்கிற தண்ணீர் எங்கே இருந்து வருகிறது? கிணற்றில் இருந்து. எங்கள் நிலம் சுண்ணாம்புக் கல், மேலே போடுகிற உரமும் மலகூடக் குழிகளின் கழிவும் கீழே இறங்கி நைத்திரேற்றாக நிலத்தடி நீரில் சேர்கிறது, தோட்டப் பகுதிக் கிணறுகள் பலவற்றில் அது அளவுக்கு மேல் இருப்பதாக ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கின்றன. குடிநீரில் ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருக்கக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. அதைவிடக் கூடினால் பிள்ளையின் இரத்தம் ஒட்சிசனைக் கொண்டுசெல்வது குறைந்து உடம்பு நீலம் பாரிக்கலாம், அதிலும் ஆபத்துக் கூட பச்சைப் பிள்ளைகளுக்குத்தான். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது, தண்ணீர் வற்ற வற்ற இன்னும் செறியும். மூத்தவனுக்கு இரண்டு மாதமாகக் கொதிக்க வைத்த கிணற்றுத் தண்ணீரில் பால் கரைத்துவிட்டுத்தான் இதை வாசித்தேன். அன்றைக்கே குடிதண்ணீரைக் காசு கொடுத்து வாங்கத் தொடங்கினோம். தாயின் உடம்பு இந்த நைத்திரேற்றைப் பெரிதாகப் பாலுக்கு விடுவதில்லை. எங்கள் ஊருக்குத் தாய்ப்பால் எவ்வளவு தேவை என்று சொல்ல எனக்கு இந்த ஒரு காரணமே போதும்.

இனி அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். "காணாது" என்று எனக்கு முதலில் சொன்னது என் அம்மாதான்.

1995 ஒக்டோபர் 30, போர் நெருங்கி வர வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் வெளிக்கிட்டது. மழை. செம்மணி வெளியாலும் நாவற்குழிப் பாலத்தாலும் தென்மராட்சிக்குப் போன அந்தக் கூட்டத்தில் அம்மாவும் போனார், கையில் மூன்று மாதப் பிள்ளையோடு. அந்தப் பிள்ளை நான்தான். நகரக்கூட இடம் இல்லாமல் சனம் நின்ற பாதையில், குடைக்குக் கீழே, நின்றபடியே எனக்குப் பால் கொடுத்ததாக அம்மா சொல்வார். அவருக்கு அந்த முழுநாளும் கிடைத்தது யாரோ கொடுத்த அரைக் கப் தேத்தண்ணி. சாவகச்சேரியில் ஒரு பள்ளிக்கூட விறாந்தையில் பல நாள், அங்கேயும் நான் குடித்தது அம்மாவிடம்தான். பொருளாதாரத் தடைக் காலம், பால்மா நினைத்தபடி வாங்கக் கிடைக்காது. நான் நன்றாகத்தான் வளர்ந்தேன்.

அப்படிப்பட்ட அம்மா எனக்கு ஏன் அப்படிச் சொன்னார்? நான் நிறைய யோசித்தேன். இரண்டாவது பிள்ளை வயிற்றில் இருந்தபோது ஒருநாள் நேரேயே கேட்டேன். அம்மா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்: "நான் உனக்குப் பால் குடுத்தது வேற வழி இல்லாமல் மோனை. உனக்கு ஒண்டும் வாங்கித் தர ஏலாமல்தான் குடுத்தன். உன்ரை பிள்ளைக்கு எல்லாம் வாங்கலாம் எண்டு இருக்கேக்க ஏன் நீ கஷ்டப்படுவான்?"

இதைக் கேட்டபோதுதான் எனக்கு விளங்கியது. அம்மாவின் தலைமுறைக்குத் தாய்ப்பால் என்பது இல்லாமையின் அடையாளம், பால்மாப் பெட்டி என்பது இருப்பதன் அடையாளம். கனடாவில் இருந்து வருகிற மச்சாள் சூட்கேசில் சொக்லேட்டோடு இரண்டு டின் குழந்தைப் பால்மாவும் கொண்டு வருவதற்கும் அதுதான் காரணம். நாட்டில் பால்மாவுக்கு விளம்பரம் செய்யவோ தாய்மாருக்கு இலவச மாதிரி கொடுக்கவோ கூடாது என்று 1981இல் உலக சுகாதார மாநாடு கொண்டுவந்த ஒழுங்குக் கோவையைத் தழுவி இலங்கையிலும் விதி இருக்கிறது, நல்ல விதி. ஆனால் அன்போடு வருகிற மச்சாளின் சூட்கேசை எந்த விதியும் நிறுத்தாது. ஆகவே கர்ப்பிணிப் பெண்ணுக்கு மட்டும் வகுப்பு வைத்துப் பிரயோசனம் இல்லை. அவள் படித்துவிட்டு வீட்டுக்கு வருவாள், வீட்டில் முடிவு எடுப்பது அம்மாவும் மாமியும். படிப்பிக்க வேண்டியது அவர்களையும் சேர்த்துத்தான், அவர்களைத்தான் முதலில் என்றுகூடச் சொல்வேன்.

சின்னவளுக்கு, 2024இல், அப்படித்தான் செய்தோம். கர்ப்பம் ஏழு மாதத்தில் இருந்தே அம்மாவைக் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனேன். எங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தர், நான் முன்பு சொன்ன அந்த மருத்துவ மாது (நாங்கள் மிஸ் என்றுதான் கூப்பிடுவோம்), அம்மாவை வெளி வாங்கில் இருக்க விடாமல் உள்ளே கூப்பிட்டு இருத்தினார். ஒரு பொம்மையைக் கையில் கொடுத்து, "அம்மா, நீங்கள் இடம்பெயர்ந்த நேரம் எப்படிப் பிடிச்சுக் குடுத்தனீங்கள், ஒருக்காக் காட்டுங்கோ பாப்பம்" என்றார். அம்மா காட்டினார். பிள்ளையின் தலையும் உடம்பும் ஒரே நேராக, வயிறு தன் வயிற்றோடு ஒட்டி, நாடி மார்பில் படும்படி. கிட்டத்தட்ட முப்பது வருடம் கழித்தும் அவருடைய கை மறக்கவில்லை. "இதைத்தான் நாங்கள் இப்ப படிப்பிக்கிறம்" என்றார் மிஸ். அம்மாவின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு வீட்டில் அவர்தான் என் ஆசிரியை.

மிஸ் சொன்ன இன்னொரு விசயம் என் மனதில் அப்படியே நிற்கிறது. "பிள்ளை, பால் எண்டது ராங்கில நிரப்பி வைச்ச தண்ணி இல்லை, கிணறு." ஆறு இல்லாத ஊர்க்காரிக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. இறைக்கிற கிணறுதான் ஊறும். பிள்ளை உறிஞ்சும்போது தாயின் மூளையில் இருந்து இரண்டு ஓமோன்கள் சுரக்கின்றன, புரோலக்ரின் பாலை உண்டாக்குகிறது, ஒக்சிரோசின் அதை வெளியே தள்ளுகிறது. புரோலக்ரின் இரவில்தான் கூடச் சுரக்கும், அதனால் இரவுப் பாலை நிறுத்தினால் பகல் பாலும் குறையும், நான் மூத்தவனுக்குச் செய்த முதல் பிழையே அதுதான். ஒக்சிரோசினுக்கு வேறு குணம், தாய் பயந்தாலோ வலியில் இருந்தாலோ அவமானப்பட்டாலோ அது பின்வாங்கும். பால் உள்ளே இருக்கும், இறங்காது. இப்போது யோசியுங்கள், "பால் காணாது" என்று நாலு பேர் சுற்றி நின்று சொல்கிற அறையில் ஒருத்திக்குப் பால் எப்படி இறங்கும்?

பாயில் இருந்துகொண்டு மிஸ் எனக்குப் பிடி பழக்கியது மூன்றாம் நாள். பிள்ளை பிறந்து முதல் பத்து நாளுக்குள் மிஸ்மார் இரண்டு தடவை வீட்டுக்கு வர வேண்டும், அதற்குப் பிறகும் வருவார்கள், இது எங்கள் நாட்டில் இருக்கிற பெரிய வரப்பிரசாதம், பணக்கார நாடுகளில் இருக்கிற என் சொந்தக்காரர் சிலருக்குக்கூட இப்படி இலகுவில் கிடைப்பதில்லை. காம்பால் பிள்ளையின் மேலுதட்டைத் தொட்டுவிட்டுப் பொறுத்திருக்கச் சொன்னார். அவசரப்பட்டுத் திணிக்கக்கூடாது. பிள்ளை கொட்டாவி விடுகிறது போல வாயைப் பெரிதாகத் திறக்கும், அந்த நொடியில் பிள்ளையை மார்புக்குக் கொண்டுவர வேண்டும், குனிந்து மார்பைப் பிள்ளைக்குக் கொண்டுபோகக்கூடாது. கீழுதடு வெளியே மடிந்திருக்க வேண்டும். கருமையான பகுதி பிள்ளையின் மேலுதட்டுக்கு மேலேதான் கூடத் தெரியும், கீழே குறைவாகத் தெரியும். சரியாகப் பிடித்துவிட்டால் முதல் சில நொடிக்குப் பிறகு வலி இருக்காது. வலித்தால் சின்ன விரலைப் பிள்ளையின் கடைவாயில் விட்டுப் பிடியை விடுவித்து, திரும்பவும் முதலில் இருந்து. அன்றைக்கு ஏழு தடவை எடுத்து எடுத்து வைத்தோம். எட்டாவது தடவை வலிக்கவில்லை. பிள்ளை விழுங்குகிற சத்தம் கேட்டது. நான் அழுதேன், அம்மாவும் அழுதார், மிஸ் தன் பைக்குள் எதையோ தேடுவது போல் குனிந்துகொண்டார்.

"பிறகு எப்படி மிஸ் தெரியும், காணுமா காணாதா எண்டு?" என்று அம்மாதான் கேட்டார். ஐந்தாறு நாளைக்குப் பிறகு ஒரு நாளைக்கு ஆறு துணியாவது சலத்தால் நனைந்தால் பிள்ளைக்குப் பால் காணும். நிறை ஏறினால் காணும், பிள்ளையின் சுகாதாரப் பதிவுப் புத்தகத்தில் இருக்கிற அந்த வளைகோடு மேலே போகிறதா என்று பார்த்தால் சரி. மார்பு கல்லுப் போல இல்லாமல் மெதுமையாக இருப்பது பால் வற்றியதற்கு அடையாளம் இல்லை, சில கிழமையில் தாயின் உடம்பு பிள்ளையின் தேவைக்கு ஏற்பப் பழகிக்கொள்கிறது. கையால் எடுத்துப் பார்க்கும்போது கொஞ்சமாக வருவதும் அடையாளம் இல்லை. அழுவதும் அடையாளம் இல்லை. மாலை ஐந்து மணியில் இருந்து பத்து மணி வரை விடாமல் குடித்துக் குடித்து அழும், அது பல பிள்ளைகளின் குணம், அடிக்கடி குடித்து அடுத்த நாளுக்கான பாலைக் கூட்டிக்கொள்கிறது. அம்மா அடுத்த நாளே கொடியில் துணி எண்ணத் தொடங்கினார். மாலையில் வருகிறவர்களிடம், "இண்டைக்கு ஒன்பது துணி" என்று கோயில் திருவிழாவுக்குச் சனம் எண்ணியது போலச் சொல்வார்.

சாப்பாட்டைப் பற்றி எல்லாரும் கேட்பார்கள். சரக்கு அரைத்த கறி, சுறா வறை, முருங்கையிலை, உள்ளி, உழுத்தங்களி எல்லாம் சாப்பிட்டேன், ருசியாக இருந்தது, உடம்புக்கும் நல்லது. ஆனால் பாலைக் கூட்டுவது பிள்ளையின் வாய்தான். தாய்க்குத் தண்ணீர் குறைத்துக் கொடுக்கிற பத்தியம் மட்டும் வேண்டவே வேண்டாம், தாகத்துக்குக் குடிக்க விடுங்கள். பிள்ளைக்கு ஆறு மாதம் வரை தண்ணீரும் வேண்டாம், எங்கள் சித்திரை வெயிலிலும் வேண்டாம், தாய்ப்பாலில் நூற்றுக்கு 88 பங்கு அளவில் தண்ணீர்தான். சீனித்தண்ணி, ஓமத்தண்ணி, கோரோசனை உரைத்துப் பருக்குவது எதுவும் வேண்டாம். தேன் ஒரு வயது வரை நாக்கில் தொடவும் கூடாது, அதில் இருக்கக்கூடிய ஒரு கிருமி பச்சைப் பிள்ளைகளின் தசைகளைச் செயலிழக்கப் பண்ணும். இதில் அப்பம்மாவோடு பெரிய சண்டையே வந்தது, அம்மா எனக்காகப் பேசினார்.

துண்டுப்பிரசுரங்களை எழுதுகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். மூத்தவனுக்கு நான் பையில் வைத்த அந்தத் தாளை இப்போது எடுத்து வாசித்தேன். "பிரத்தியேகத் தாய்ப்பாலூட்டல்" என்று தலைப்பு. அம்மாவிடம் காட்டினேன், "பிரத்தியேக வகுப்பு மாதிரியோ" என்று கேட்டார். மிஸ் இதையே "தனியத் தாய்ப்பால், வேறை ஒண்டும் இல்லை, தண்ணியும் இல்லை" என்றார், ஒரு வசனத்தில் முடிந்தது. 19ஆம் நூற்றாண்டில் மானிப்பாயில் அமெரிக்க மிசனரி வைத்தியர் கிறீன் எங்கள் பிள்ளைகளுக்கு மருத்துவத்தைத் தமிழிலேயே படிப்பித்து, மகப்பேற்று மருத்துவத்தையும் தமிழில் கொண்டுவந்த மண் இது. எங்கள் அம்மாமாருக்கு விளங்குகிற தமிழில் ஒரு பக்கம் எழுத எங்களால் கட்டாயம் முடியும்.

வேலைக்குத் திரும்பியதுதான் மிகக் கஷ்டமான கட்டம். நான் தனியார் நிறுவனம் ஒன்றில் கணக்கு வேலை. 2018இல் சட்டத்தைத் திருத்திய பிறகு எத்தனையாவது பிள்ளை என்றாலும் 84 நாள் சம்பளத்தோடு லீவு, முன்பு மூன்றாவது பிள்ளையில் இருந்து அது பாதிதான். நல்ல திருத்தம். ஆனால் 84 வேலைநாளை எப்படி இழுத்தாலும் ஆறு மாதம் வராது, "ஆறு மாதம் தனியத் தாய்ப்பால்" என்று ஒரு கையால் சொல்லிவிட்டு மற்றக் கையால் நாலாம் மாதத்தில் வேலைக்குக் கூப்பிடுகிறோம். ஒரு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குப் பால் கொடுக்கிறவளுக்கு ஒன்பது மணி நேர வேலைக்குள் இரண்டு பாலூட்டும் இடைவேளை கொடுக்க வேண்டும், பிள்ளையைப் பார்த்துக்கொள்ள அங்கேயே இடம் இருந்தால் அரை மணி, இல்லாவிட்டால் ஒவ்வொன்றும் ஒரு மணி என்று மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் சொல்கிறது. எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்? நான் கேட்டேன். மேலாளர் முதலில் கோப்பில் இருந்து தலையை எடுக்கவில்லை. நான் சட்டத்தின் பக்கத்தை அச்சடித்துக்கொண்டு போயிருந்தேன், அதை மேசையில் வைத்துவிட்டு நின்றேன். காகிதம் அடுக்கிற அறையில் ஒரு கதிரையும் கதவுக்கு ஒரு கொக்கியும் கிடைத்தது. கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, கையாலேயே பாலை எடுத்து, மூடியுள்ள சுத்தமான பாத்திரத்தில் விட்டு ஒஃபிஸ் ஃபிரிட்ஜில் வைப்பேன். எங்கள் வெக்கையில் வெளியே வைத்தால் நாலு மணி நேரத்துக்கு மேல் நம்பாதீர்கள். வீட்டில் அம்மா அதைச் சுடுதண்ணீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து இளஞ்சூடாக்கிச் சின்னக் கப்பால் பருக்குவார். போத்தல் வீட்டுக்குள் வரவே இல்லை.

என் கணவரையும் சொல்ல வேண்டும். பால் கொடுப்பதில் ஆம்பிளைக்கு என்ன வேலை என்று கேட்கிறவர்களுக்கு: இரவில் பிள்ளையைத் தூக்கித் தருவது, ஏவறை எடுக்கத் தோளில் போட்டுத் தட்டுவது, துணி தோய்ப்பது, மூத்தவனை நேசரிக்கு ஏற்றுவது. இதைவிட ஒன்று இருக்கிறது, வாசலில் நின்று வருகிறவர்களிடம் "பிள்ளைக்குப் பால் காணும், நல்லாக் குடிக்கிறா" என்று முதலே சொல்வது. அவர் அதைச் சொன்ன விதத்தில் யாரும் அடுத்த கேள்வி கேட்கவில்லை.

இதை வாசிக்கிற யாராவது பால்மா கொடுத்து வளர்த்தவராக இருந்தால், நானும் அப்படி ஒரு பிள்ளையை வளர்த்தவள்தான், உங்களிடம் எனக்கு ஒரு குறையும் இல்லை. சிலருக்கு உண்மையிலேயே பால் குறைவாகச் சுரக்கும், சில நோய்களிலும் சில மருந்துகளிலும் வைத்தியர் வேறு வழி சொல்வார், அப்போது பால்மாவே பிள்ளையைக் காப்பாற்றும். பிள்ளை ஆறு துணி நனைக்காவிட்டால், குடிக்க எழும்பாமல் நித்திரையாகவே கிடந்தால், கண்ணும் உடம்பும் மஞ்சளித்துக்கொண்டு போனால், இரண்டு கிழமையாகியும் பிறந்த நிறைக்கு வராவிட்டால், அயலாரின் ஆறுதலையும் என்னுடைய எழுத்தையும் நம்பி இருக்க வேண்டாம், அன்றைக்கே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். தாய்க்கு மார்பு சிவந்து காய்ச்சல் வந்தாலும் அப்படித்தான், மருந்து எடுக்க வேண்டும், ஆனால் பால் கொடுப்பதை நிறுத்தக்கூடாது, நிறுத்தினால் கட்டிக்கொண்டு இன்னும் மோசமாகும்.

2016 குடித்தொகை சுகாதார அளவீட்டில், இலங்கையில் ஆறு மாதத்துக்குக் குறைந்த பிள்ளைகளில் 82 வீதமானவர்கள் தாய்ப்பால் மட்டும் குடிப்பதாக வந்தது. பெருமைப்பட வேண்டிய இலக்கம், எங்கள் மிஸ்மார் வெயிலில் சைக்கிளிலும் ஸ்கூட்டியிலும் ஓடித்திரிந்து சேர்த்த இலக்கம். மிச்சம் 18 வீதத்துக்குள் என் மூத்தவனைப் போல எத்தனை பிள்ளைகள் இருக்கும் என்று நினைப்பேன், ஒரு பத்து நிமிட உதவி இல்லாமல்.

சரி, அந்த ஒழுங்கை வீட்டுக்கு வருகிறேன். நான் அம்மாவையும் கூட்டிக்கொண்டுதான் போனேன். அறைக்குள் அவள் சுவரோடு சாய்ந்து இருந்தாள், கண் வீங்கிப்போய். மேசையில் புதுப் பால்மாப் பெட்டி, இன்னும் உடைக்கவில்லை. அம்மா அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை. அந்த வயதான மாமியிடம் போய்ப் பக்கத்தில் இருந்து, "தொண்ணூற்றஞ்சில நீங்கள் எந்தப் பக்கம் போனனீங்கள்?" என்று கேட்டார். அவர் கொடிகாமம் போனாராம். கைப்பிள்ளையோடு. அந்தக் கைப்பிள்ளைதான் இன்றைக்கு இந்தப் பெண்ணின் கணவன். "என்ன குடுத்தனீங்கள் பிள்ளைக்கு?" என்றார் அம்மா. மாமி கொஞ்ச நேரம் நிலத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தார்.

நான் அறைக்குள் போய் அவளுக்குத் தலையணையைச் சரிசெய்து, பிள்ளையின் வயிற்றை அவள் வயிற்றோடு ஒட்டவைத்துப் பிடிக்கக் காட்டினேன். எனக்கு அவ்வளவுதான் தெரியும், மிச்சத்துக்கு மிஸ்ஸைக் கூப்பிட்டோம், பின்னேரமே வந்துவிட்டார். நாலாவது தடவையில் பிள்ளை ஒழுங்காகப் பிடித்தது.

நேற்று அவளிடம் இருந்து ஒரு படம் வந்தது. கொடியில் வரிசையாகத் துணி, கீழே ஒரு வரி: "அக்கா, மாமி எண்ணினவ, எட்டு."